படத்துக்குக் கீழ ஒரு வரி

‘கலெக்டரே, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க’ன்னு கண்டக்டர் சொன்னதும் திரும்பிப் பாத்தீங்கள்ல சார்? என்னையத்தான் சொன்னாப்ல. பதறாதீங்க, நான் இன்னும் ஆகல. ஆகப் போறேன். ஆனா எங்க ஊருல அதுவரைக்கும் யாரும் பொறுக்க மாட்டேங்குறாங்க, இப்பவே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. டீக்கடையில ‘கலெக்டருக்கு ஒரு டீ’ங்குறாங்க. சலூன்ல ‘கலெக்டருக்கு எந்தக் கட்டிங்கு’ன்னு கேட்டுட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்குவாங்க. சந்தோசம் சார், வேற என்ன. நம்ம ஊருப் பய ஒருத்தன் பெரிய ஆளா வரப்போறான்னா சிரிப்பு வரத்தான செய்யும்.

பேரு பாண்டீஸ்வரன். பி.ஏ. ஹிஸ்டரி ரெண்டாம் வருசம் முடிச்சிருக்கேன். முடிச்சிருக்கேன்னா, கொஞ்சம் பேப்பர் நிக்குது. அது கெடக்கட்டும். நீங்களும் ஆண்டிபட்டிக்குத்தானா? நல்லதாப் போச்சு. வழியில பாலம் வேலை நடக்குது, பஸ்ஸு பையத்தான் போகும். உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். ஊருக்காரங்ககிட்டக் கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் சாஞ்சுருவாங்க. நீங்க அசலூரு. பாத்தா விவரமான ஆளா வேற தெரியுறீங்க, சட்டப்பையில ரெண்டு பேனா இருக்கு.

வெவகாரம் என்னன்னா, என் கூடப் பொறந்த தங்கச்சி இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல வச்சு என் பதவியக் கேட்டுட்டா சார். கலெக்டர் பதவியத்தான். ‘குடுத்துரு’ன்னுட்டா. என்னமோ அவ சீப்ப நான் எடுத்து வச்சுக்கிட்ட மாதிரி.

இருங்க, மொதல்ல இருந்து வாரேன். இல்லேன்னா உங்களுக்கு வெளங்காது.

எங்க மாமா சொக்கராசு, அம்மாவோட தம்பி, மைக்செட்டு வச்சிருக்காரு. ஊருல நல்லது பொல்லது எதுன்னாலும் அவரு கொழாயக் கட்டிப் பாட்டுப் போட்டாத்தான் ஆரம்பிக்கும். என் தங்கச்சி வைகைச்செல்வி எட்டாவது முடிச்ச லீவுல பெரிய மனுசியாயிட்டா. தாய்மாமன் சும்மா விடுவாரா? பச்ச ஓலையில குச்சு கட்டி அவள உக்கார வச்சுட்டு, ஊரு எல்லையிலருந்து எங்க வாசல் வரைக்கும் பிளக்ஸு கட்டிட்டாரு. மாமா கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டுப் போன் பேசுற மாதிரி ஒரு படம், ஆள் ஒசரத்துக்கு. அவருக்குப் பக்கத்துல ஒரு சிங்கம். அதுக்குக் கீழ அப்பா, சித்தப்பாமாரு, மாமாவோட கூட்டாளிக ஒரு படை. எல்லாருக்கும் பேரு, பேருக்குக் கீழ ஒரு வரி. ‘பாசத்தின் சிகரம்’, ‘இளைஞர்களின் இதயம்’ இப்பிடி. ஓரத்துல ரோசாப்பூ வளையத்துக்குள்ள தங்கச்சி படம். சடங்கு அவளுக்குத்தான, அதனால அவ படமும் போட்டிருந்தாங்க.

என் படத்துக்குக் கீழ என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? ‘வருங்கால மாவட்ட ஆட்சியர்’. மஞ்ச எழுத்து, சிவப்புக் கரை.

நான் அப்பத்தான் பத்தாவது பரீட்ச எழுதிட்டு ஊரச் சுத்திக்கிட்டு இருந்தேன். காலையில பல்லு வெளக்கிக்கிட்டே வெளிய வந்து பாக்குறேன், ஆட்சியரா நிக்குறேன். சத்தியமாச் சொல்றேன் சார், வாயில நுரையோட அப்பிடியே நின்னுட்டேன். அதுவரைக்கும் யாராவது ‘நீ என்னப்பா ஆகப் போற’ன்னு கேட்டா தலையச் சொறிவேன். அன்னையிலருந்து சொறியறது இல்ல. ஒரு மனுசனுக்கு அவன் யாருன்னு தெரியுறது எம்புட்டுப் பெரிய நிம்மதி சார். சில பேருக்குச் சாகுற வரைக்கும் தெரியாதாம்ல. எனக்குப் பத்தடிக்கு எட்டடியில எழுதிக் காட்டிட்டாங்க.

அதுல சின்னதா ஒரு கோளாறு நடந்துபோச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. மாமா குச்சுக்கு வெளிய நின்னு, ‘தாயி, உன் படத்துக்குக் கீழ என்ன போடச் சொல்லட்டும்’னு தங்கச்சியக் கேட்டிருக்காரு. அவ ‘கலெக்டருக்குப் படிக்கப் போறேன்னு போடுங்க மாமா’ன்னிருக்கா. எட்டாங்கிளாஸ் பிள்ள, என்னமோ ஆசையில சொல்லிருச்சு. மாமாவும் பிளக்ஸு கடை ரூபன் அண்ணனுக்குப் போனப் போட்டு, ‘நம்ம பிள்ள கலெக்டராகப் போகுது, அதையும் சேத்துருப்பா’ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. அங்க ரூபன் அண்ணன் பாத்தாப்ல. பொம்பளப் பிள்ள படத்துக்குக் கீழ ஏற்கனவே ‘பருவ ரதமேறிய பைங்கிளி’ன்னு அடிச்சு வச்சாச்சு. அங்க கலெக்டருக்கு எடமில்ல. அப்ப இது யாரு கலெக்டரு? வரி எதுவும் இல்லாம வெறும் பேரோட நின்னது நான் ஒருத்தன்தான், மீச வேற அரும்பியிருந்துச்சு. தூக்கி எனக்குப் போட்டுட்டாப்ல. யாரா இருந்தாலும் அப்பிடித்தான சார் நெனைப்பாங்க?

தங்கச்சி பாத்துட்டு மாத்தச் சொல்லிக் கேட்டா. மாமாவும் ஒரு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிரலாம்னுதான் பாத்தாரு. ஆனா சடங்கு பிளக்ஸுல ஒட்டுப் போடுறது ஆகாதுன்னு பெரியவுக சொல்லிட்டாங்க. ‘எங்கிட்டோ ஒரு படத்துல இருக்குல்ல தாயி, பதவி வீட்டுக்குள்ளதான இருக்கு, விடு’ன்னு மாமா சமாதானம் சொன்னாரு. அவளும் விட்டுட்டா. அன்னைக்குப் பூராம் அவ கண்ணு செவந்து கெடந்துச்சு. குச்சக் கொளுத்துன பொக சார், கண்ணுல ஏறிருச்சு.

அதுக்கப்புறந்தான் வாழ்க்கையே மாறுச்சு. எங்கப்பா மாவு மில்லு வச்சிருக்காரு. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டா நான் நேரா மில்லுலதான் கெடப்பேன். ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் சேரலாம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அப்பாவுக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பிளக்ஸு வந்ததும் மனுசன் பொசுக்குன்னு மாறிட்டாரு. ‘ஊரு எல்லையில கலெக்டர்னு எழுதிப் போட்டுட்டு ஐ.டி.ஐ.க்கு அனுப்புனா, நாளைக்கு மாவு அரைக்க வாரவன்லாம் என்னையச் சல்லடையில போட்டுச் சலிச்சுருவான்டா’ன்னாரு. எங்கப்பா அப்பிடி. வாயால சொன்னத எத்தன தடவ வேணாலும் மாத்துவாரு, பிளக்ஸுல போட்டத மாத்த மாட்டாரு. ஊரு பாத்துருச்சுல்ல.

சரின்னு பதினொண்ணுல ஹிஸ்டரி குரூப்பு. காலேஜுலயும் ஹிஸ்டரி. ஏன்னா கலெக்டருக்கு அதான் தோதுன்னு மாமா சொன்னாரு. அவருக்கு எப்பிடித் தெரியும்னு நான் கேக்கல. மைக்செட்டுக்காரரு, நாலு மேடை பாத்தவரு.

படிப்ப மட்டும் படிச்சாப் போதுமா சார், பதவிக்குன்னு ஒரு பக்குவம் வேணும்ல. மொதக் காரியமா பச்ச மை பேனா ஒண்ணு வாங்குனேன். பெரிய ஆபீசருகதான் பச்ச மையில கையெழுத்துப் போடணுமாம். கையெழுத்துப் பழகிட்டேன். இருங்க, டிக்கெட்டுக்குப் பின்னால போட்டுக் காட்டுறேன். இந்தா பாருங்க. பஸ்ஸு ஆடுது, இல்லேன்னா அந்தக் கடைசிச் சுழி இன்னும் கம்பீரமா விழும். இந்தப் பச்ச மையால ஒரு நஷ்டமும் வந்துச்சு. மொத வருசப் பரீட்ச ஒண்ணப் பச்ச மையிலயே எழுதிட்டேன். திருத்துனவரு என்ன நெனச்சாரோ, பேப்பரையே செல்லாதுன்னுட்டாங்க. மத்த பேப்பருலாம் அப்பிடி இல்ல, அதுல கேள்வியே சரியில்ல.

வீட்டுலயும் அதுக்குத் தக்கன நடந்துக்கிட்டாங்க. காத்தாடி உள்ள ரூம்பு ஒண்ணுதான், அது எனக்கு. தண்ணி எடுக்குறது, மில்லுல ஆளுகளுக்கு அளந்து குடுக்குறது எல்லாம் தங்கச்சி. நான் எப்பவாச்சும் வாளியத் தொட்டா எங்கம்மா அவளத்தான் சத்தம் போடும், ‘கலெக்டர் கையில போயி வாளியக் குடுத்துட்டு நிக்குறியேடி’ன்னு. அவளுக்கும் பழகிப்போச்சு. பழகிட்டா கஷ்டம் தெரியாதுல்ல. அவ படிக்குறதுக்கு ஆட்டுக் கொட்டகைய ஒட்டி ஒரு சாய்ப்பு எறக்கிக் குடுத்திருக்காரு அப்பா. கூரைக்கு வேற எதுக்குச் செலவுன்னு அந்தச் சடங்கு பிளக்ஸையே மேல இழுத்துக் கட்டிட்டாரு. கெட்டி பிளக்ஸு, இன்னைக்கு வரைக்கும் ஒழுகல. எழுத்து உள்பக்கம். அவ புத்தகத்துலருந்து அண்ணாந்து பாத்தா என் படமும் அந்த வரியுந்தான் தெரியும். நாலு வருசமா அதுக்கு அடியிலதான் உக்காந்து படிக்குறா. நம்ம அண்ணன் இம்புட்டுப் பெரிய ஆளாகப் போறான்னு அவளுக்கும் ஒரு ஊக்கமா இருக்கும்ல.

ஊருல மனுவும் வர ஆரம்பிச்சுருச்சு. நெசமாத்தான் சார். இருளாயி அத்தைக்கு வெதவைப் பணம் வரல, அத எழுதிக்கிட்டு வந்துச்சு. நான் சேர்ல உக்காந்து வாங்கி, நெத்தியச் சுருக்கிப் படிச்சுட்டு, ‘ஆவன செய்யப்படும்’னேன். அத்தை வாயப் பொத்திக்கிட்டு வெளிய போச்சு, மரியாதை தெரிஞ்ச மனுசி. அப்புறம் பின்பக்கமாச் சாய்ப்புக்குப் போயி தங்கச்சிகிட்ட இன்னொண்ணு எழுதி வாங்கிட்டுத் தாலுகாபீசுக்குப் போயிருக்கு. நகல் ஒண்ணு வேணும்ல, அதுக்காக இருக்கும். பணம் இப்ப ஒழுங்கா வருது. இப்பிடி நம்மாள ஆனது எத்தனையோ.

ஏன், நாம உக்காந்து போறமே இந்த பஸ்ஸு, இதே நம்ம கொண்டாந்ததுதான். கண்டக்டரக் கேட்டுப் பாருங்க. காலையிலயும் சாயங்காலமும் வந்த பஸ்ஸ, ஆளு ஏறலைன்னு நிறுத்திட்டாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைக மெயின் ரோட்டுலருந்து இருட்டுல காட்டு வழியா நடந்து வந்துச்சுக. ரெண்டு பேரு படிப்பையே நிறுத்திட்டாங்க. தங்கச்சி ஒரு மனு எழுதி, ஊருப் பொம்பளைகள எல்லாம் கூட்டிக்கிட்டு, திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்கள்ல, அங்க போனா. என்னையும் கூப்பிட்டாங்க. நான் போகல. யோசிச்சுப் பாருங்க, நாளைக்கு நான் வந்து உக்காரப் போற ஆபீசு. அங்க இன்னைக்கு வரிசையில நின்னு மனு குடுத்தா, நாளைக்கு அந்தப் பியூனு என்னைய மதிப்பானா? சட்டையும் அயர்ன் பண்ணல.

அங்க கலெக்டரா இருந்தது ஒரு அம்மாவாம். மனுவப் படிச்சுட்டு ‘யாரு எழுதுனது’ன்னு கேட்டுச்சாம். ‘நான்தாங்க’ன்னு இவ சொல்லியிருக்கா. ‘நீ என்னவாகப் போற’ன்னு கேட்டுச்சாம். இவ என்னமோ சொல்லியிருக்கா, பொம்பளைகளெல்லாம் கை தட்டுனாங்களாம். என்ன சொன்னான்னு நான் கேட்டுக்கல. அந்தம்மா அங்கனயே மனு மேல பச்ச மையில எழுதிக் கையெழுத்துப் போட்டுருச்சாம். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட மொதக் கேள்வி, ‘எந்தப் பச்ச, இளம்பச்சையா கரும்பச்சையா’ன்னுதான். அவ கவனிக்கலையாம். என்ன பிள்ள சார் இது, போன எடத்துல முக்கியமானதப் பாக்கத் தெரியல.

பஸ்ஸு வந்த அன்னைக்கு மால போட்டுத் தேங்கா ஒடச்சது நான்தான். அவளுக்கு அன்னைக்குப் பரீட்ச.

இப்ப அவ பன்னெண்டாவது முடிச்சு ரிசல்ட்டும் வந்துருச்சு. பள்ளிக்கூடத்துலயே மொதலு. எனக்குப் பெரும அடங்கல சார். தெருவுல கேட்டவுககிட்டலாம் ‘பின்ன, யாரு தங்கச்சி’ன்னேன். பெரிய டீச்சரே வீடு தேடி வந்துட்டாங்க. மெட்ராஸ்ல நல்ல காலேஜு இருக்கு, ஹாஸ்டலு இருக்கு, இவ மார்க்குக்குச் செலவே இல்லாமச் சேத்துக்குவாங்க, டிகிரி முடிச்சுக் கலெக்டர் பரீட்சைக்கும் அங்கனயே படிக்கலாம்னு சொன்னாங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள போயிச் சேரணுமாம்.

எங்கப்பா ஒத்துக்கல. ‘ஒரு வீட்டுக்கு ஒரு கலெக்டர் போதும் டீச்சர்’னுட்டாரு. ‘பையன் அதுக்குத்தான் படிக்குறான். இவள அம்புட்டுத் தூரம் என்னன்னு சொல்லி அனுப்ப? ஊருல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?’ இங்கன பக்கத்துலயே பி.காம். சேத்துரலாம், அதுவும் மில்லு வேலைக்குத் தோதான நேரமாப் பாத்துங்குறாரு. டீச்சர் என்னைய ஒரு பார்வ பாத்தாங்க சார். எதுக்குப் பாத்தாங்கன்னு தெரியல. நான் எந்திரிச்சு சட்டக் காலரச் சரி பண்ணிக்கிட்டேன்.

மாமாதான் விடல. ‘படிப்பு எங்கிட்டும் இருக்கட்டும், பள்ளிக்கூடத்துலயே மொதலு வந்த பிள்ளைக்கு நாளைக்கு ஊரு எல்லையில பிளக்ஸு நிக்கணும்’னு கெளம்பிட்டாரு. அவருக்கு இன்னைக்கு ஒரு காதுகுத்துல பாட்டு. அதனால என்கிட்ட ஒப்படச்சுட்டாரு. ‘மாப்ள, நீ காலேஜு படிக்குறவன், வாசகத்தப் பூராம் நீயே பாத்துக்க, என் படம் மட்டும் சிறுசாயிராமப் பாத்துக்க’ன்னாரு. அதுக்குத்தான் இப்ப ரூபன் அண்ணன் கடைக்குப் போயிக்கிட்டு இருக்கேன். படமெல்லாம் நேத்தே அனுப்பியாச்சு. வரி மட்டுந்தான் பாக்கி.

பஸ்ஸுக்கு நிக்கையில தங்கச்சி ஓடியாந்தா. டிபன் பாக்ஸக் கையில குடுத்தா. அப்பிடியே போயிருக்கலாம்ல? போகல. ‘அண்ணே, ஒண்ணே ஒண்ணு’ன்னா. ‘அந்த வரிய எனக்குத் திருப்பிக் குடுத்துரு. அப்பா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு, ஊருல எழுதிப் போட்டத மட்டும் மீற மாட்டாரு. எனக்கு வேற வழி தெரியலண்ணே.’

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ‘அப்ப நான் என்ன ஆகுறது’ன்னு கேட்டேன்.

‘அத நீ இன்னும் யோசிக்கவே இல்லையாண்ணே?’ன்னா. லந்தா, கேலியாக் கேட்டிருந்தா ஒரு அப்பு அப்பியிருப்பேன் சார். அவ நெசமாலுமே கேட்டா.

இப்ப சொல்லுங்க, இது நியாயமா? மொதல்ல, ‘திருப்பி’ன்னா என்ன அர்த்தம்? கடனா வாங்குனதத்தான திருப்பிக் குடுக்கணும்? நான் யார்கிட்டயும் போயிக் கேக்கல. ராத்திரி படுக்கையில பாண்டீஸ்வரன், காலையில எந்திரிக்கையில ஆட்சியர். அதுவா வந்துச்சு. வந்தத நாலு வருசமாக் கட்டிக் காத்திருக்கேன். நான் சட்டைய வெளிய விட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தது கெடையாது. பய புள்ளைகளோட கண்மாயில குதிச்சது கெடையாது, கலெக்டர் குதிக்கலாமான்னு கரையில நின்னு எல்லாரு துணியவும் பாத்துக்குவேன். ஒரு சினிமாவுக்கு விசிலடிச்சது இல்ல. இம்புட்டையும் விட்டுட்டு ஒரு வரியப் புடிச்சுக்கிட்டு நிக்குறவன்கிட்ட வந்து அதையும் குடுன்னா எப்பிடி சார்?

என்ன சார், சிரிக்குறீங்களா? இல்ல, வெளிய பாக்குறீங்களா? சரி.

என்ன கேட்டீங்க? அந்த பிளக்ஸு வராம இருந்திருந்தா நான் என்னவாகியிருப்பேன்னா?

அது வந்து சார். அத யாரும் கேக்கலையே. ஐ.டி.ஐ.யா? அதெல்லாம் சின்ன வயசு நெனப்பு. மில்லுல அந்தப் பழைய மோட்டாரு ஓடும்ல, அதோட சத்தத்த வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிருவேன். பேரிங் போயிருச்சா, பெல்ட்டு தளந்துருச்சான்னு வாசல்ல நின்னே சொல்லிருவேன். ஒருக்கா ஆண்டிபட்டியிலருந்து மெக்கானிக்கு வர மூணு நாளாகும்னுட்டான். நானே கழட்டி, உள்ள சுத்தியிருக்குற காயில் கம்பியச் சரி பண்ணி மாட்டிட்டேன். சுச்சப் போட்டதும் ஒரு உறுமு உறுமுச்சு பாருங்க. அப்பா மாவுக் கையோட என் தலையப் புடிச்சு ஆட்டுனாரு. தலை பூராம் வெள்ள. அன்னைக்கு எனக்கு மனசு ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அப்பிடி அப்புறம் இருந்ததா ஞாபகம் இல்ல. இப்ப மோட்டாரு மக்கர் பண்ணுனா நான் ரூம்புக் கதவச் சாத்திக்குவேன். கலெக்டர் கையில கிரீஸா?

ஆனா ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிறாதீங்க. எனக்குப் பயமா இருக்கு சார். அந்த வரிய அவளுக்குக் குடுத்துட்டா என் படத்துக்குக் கீழ என்ன இருக்கும்? பாண்டீஸ்வரன். அம்புட்டுத்தான். வெறும் பேரு. நாளைக்குச் சலூனுக்குப் போனா என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க? ஒண்ணுமே இல்லாம எப்பிடி நிக்குறது? நான் அப்பிடி நின்னு பழகலையே.

அவ கண்ணு வேற. டிபன் பாக்ஸக் குடுக்கையில பாத்தேன், அன்னைக்கு மாதிரியே செவந்து கெடந்துச்சு. இன்னைக்குக் குச்சும் கொளுத்தல, ஒண்ணும் கொளுத்தல. பொகையே இல்ல சார்.

இருங்க, போன் அடிக்குது. ரூபன் அண்ணன்தான்.

அண்ணே. ஆமாண்ணே, பஸ்ஸுலதான் வந்துக்கிட்டு இருக்கேன், பாலத்துக்கிட்ட நிக்குது. என்னது, மிசினு இப்பவே ஓடணுமா? கரண்ட்டு போயிருமா? சரி, சரி. எழுதிக்கங்க. மாமாவுக்கு வழக்கம்போல ‘பாசத்தின் சிகரம்’. அப்பாவுக்கு ஒண்ணும் வேணாம், பேரு போதும். தங்கச்சிக்கா? தங்கச்சி படத்துக்குக் கீழ... ஒரு நிமிசம் அண்ணே, லைன்லயே இருங்க.

சார், உங்கள ஒண்ணு கேக்கணும். வெரசாச் சொல்லுங்க. கலெக்டருக்கு மேல எதுவும் பதவி இருக்கா? இருக்கா? யாரு அது? அப்பிடியா. அந்த ஒருத்தருக்குக் கீழதான் எல்லாக் கலெக்டரும் வருவாங்களா? இத ஏன் சார் எனக்கு யாரும் சொல்லல?

அண்ணே, எழுதிக்கங்க. தங்கச்சி படத்துக்குக் கீழ ‘வருங்கால மாவட்ட ஆட்சியர்’. ஆமாண்ணே, தங்கச்சிக்குத்தான். பொம்பளப் பிள்ளைக்குத்தான், இந்தத் தடவ மாத்திப் போட்டுறாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். பைங்கிளி கிளியெல்லாம் எதுவும் வேணாம். நடுவுல, பெருசா, மஞ்ச எழுத்து, சிவப்புக் கரை. அதுக்குக் கீழ ‘உயர்கல்வி பயில சென்னை செல்லும்’னு இன்னொரு வரி சேத்துருங்க. அப்பா தெனமும் மில்லு தொறக்க அந்த வழியாத்தான் போவாரு, பாக்காமப் போக முடியாது. எடம் பத்தலையா? மாமா படத்தச் சிறுசாக்குங்க. திட்டுனா நான் பாத்துக்குறேன். சிங்கத்த எடுத்துருங்க.

என் படத்துக்கா? எழுதிக்கங்க. ‘வருங்காலத் தலைமைச் செயலாளர்’. ஆமாண்ணே, கலெக்டருக்கு மேல. இங்க பக்கத்துல ஒரு விவரமான சார் இருக்காரு, அவருதான் சொன்னாரு. இல்ல இல்ல, என் எழுத்து சிறுசாவே இருக்கட்டும். ஓரமாப் போட்டாப் போதும். சரிண்ணே, வச்சுருறேன்.

முடிஞ்சுபோச்சு சார். பாத்தீங்களா, ரொம்ப லேசான வேலை, காலையிலருந்து நான்தான் மனசப் போட்டு ஒழப்பிக்கிட்டு இருந்தேன். அவளும் போயிப் படிக்கட்டும். நாளைக்கு ஒரு கோப்பு கீழருந்து என் மேசைக்கு வந்தா, அனுப்புனது நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்கட்டுமே. மெட்ராசுக்குக் கெளம்புறப்ப என் பச்ச மை பேனாவ அவகிட்டக் குடுத்துரலாம்னு இருக்கேன். கலெக்டருக்கு அதான மொதத் தேவை. அவ போயிட்டா மில்லுல அளக்க ஆளில்ல, நான்தான் நிக்கணும். நிக்குறேன், பரவாயில்ல. அந்த மோட்டாரு வேற பத்து நாளாக் கரகரன்னுக்கிட்டுக் கெடக்கு, எனக்குத் தெரியும் அது பேரிங்கு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, எறங்குவோம். அந்தப் பைய இங்கிட்டுக் குடுங்க, நான் எறக்கித் தாரேன். கடைக்குப் போறதுக்கு முந்தி, போற வழியில ஒரு பேனா வாங்கணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லிட்டுப் போங்க. தலைமைச் செயலாளரும் பச்ச மையிலதான சார் கையெழுத்துப் போடுவாரு?